போர்வைக்குள் கசியும் இரத்தம்: ஆஞ்சியோ செய்துகொண்டவரைக் கவனிப்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாயாருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அறுபது வயதைக் கடந்தவர். மருத்துவமனையில் தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மஃரிபுக்குப் பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். இரவு பத்து மணிக்கு "முதுகு வலிக்குது" என்றார். "மல்லாந்தே படுத்திருக்கீங்கல்ல அம்மா, அதான்" என்று சொல்லி மகள் இடுப்பில் தைலம் தடவிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வியர்த்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தார். படுக்கையில் ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை. பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்த பெண்மணிதான், "முகமெல்லாம் வெளுத்துப் போச்சே, சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றார். பார்த்தபோது இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஸ்கேனில், வயிற்றின் பின்பகுதியில் இரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. இரத்தம் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்து வீடு திரும்பினார்.

அந்த மகள் பிறகு நம்மிடம் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒன்று: "முதுகு வலி ஆபத்தான அறிகுறின்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, ஒரு மணி நேரம் வீணாகியிருக்காது." இரண்டு: "மாலையில் காயத்தைப் பார்க்க வந்தவர் ஆண் என்பதால் அம்மா போர்வையை விலக்கவே விடவில்லை."

நம் குடும்பங்களில் இதயச் சிகிச்சைக்குச் செல்வோர் பெருகிவிட்டார்கள். வானூர், கோட்டக்குப்பம், கிளியனூர் பக்கத்து மக்கள் புதுச்சேரிக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, சென்னைக்கோ போகிறார்கள். கூடவே துணைக்குப் போகிறவர் மகளாக, மருமகளாக, பேரனாக இருக்கிறார். இரவு முழுதும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். அவருக்கு எது தெரிந்திருக்க வேண்டுமோ அதை இங்கே எழுதுகிறோம்.

இரத்தம் ஏன் கசிகிறது?

இதயத்தின் தசைகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஆஞ்சியோகிராம். அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. 1977இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் இதயக் குழாயில் பலூன் சிகிச்சை செய்தார். இந்தியாவில் இதை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பணியாற்றி, 2025 ஏப்ரலில் மறைந்த டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். இன்று இது அன்றாடச் சிகிச்சை. நெஞ்சைத் திறக்காமல், மயக்க மருந்து கொடுக்காமல் பெரும்பாலோருக்கு முடிந்துவிடுகிறது.

ஆனால், குழாயை உள்ளே செலுத்த ஒரு தமனியில் துளை போட்டே ஆக வேண்டும். தமனி என்பது இதயத்திலிருந்து அழுத்தத்துடன் இரத்தம் பாயும் குழாய். ஊசி போடும் சிரை போன்றதல்ல. அதே நேரத்தில், ஸ்டென்டில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஹெப்பாரின் ஊசியும், ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் அல்லது பிரசுக்ரெல் மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஒருபுறம் தமனியில் துளை. மறுபுறம் இரத்தம் எளிதில் உறையாத நிலை. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் கசிவுக்கு வாய்ப்பு உண்டாகிறது. இது யாருடைய தவறும் அல்ல. சிகிச்சையோடு சேர்ந்தே வரும் ஓர் அபாயம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

கையா, தொடையா?

துளை போடும் இடம் இரண்டு: மணிக்கட்டு, தொடை இடுக்கு. முன்பெல்லாம் தொடை இடுக்குதான் வழக்கம். 1989இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் டாக்டர் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்து காட்டினார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் டாக்டர் கீமனெய் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்தார். 2011இல் வெளியான ரைவல் என்னும் ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த 7,021 நோயாளிகளை ஒப்பிட்டார்கள். துளையிட்ட இடத்தில் பெரிய சிக்கல் வந்தவர்கள் தொடை வழியில் 3.7 சதவீதம், மணிக்கட்டு வழியில் 1.4 சதவீதம்.

மணிக்கட்டில் தமனி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் இருக்கிறது. கசிந்தால் உடனே கண்ணில் படும். விரலால் அழுத்தினாலே நிற்கும். தொடையில் தமனி பெரியது, ஆழத்தில் இருப்பது. அங்கே கசியும் இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே பரவ இடம் இருக்கிறது. ஆகவே, "கை வழியாகச் செய்ய முடியுமா, டாக்டர்?" என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. சிலருக்குக் கைத் தமனி மெலிதாக இருக்கும், சிலருக்கு வேறு காரணம் இருக்கும். முடிவு மருத்துவருடையது. எந்த வழியாகச் செய்தார்கள் என்பதை மட்டும் துணைக்கு இருப்பவர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை அறைக்குள்

கேத் லேப் எனப்படும் சிகிச்சை அறையில் நோயாளி விழித்துத்தான் இருப்பார். உள்ளே செல்லும் மெல்லிய கம்பியால் இதயக் குழாயில் சிறு ஓட்டை விழுவது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அப்படி நேர்ந்தால் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்தம் சேர்ந்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்கும். நோயாளிக்குத் திடீரென நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரும். மருத்துவர்கள் எக்கோ பார்த்து உறுதிசெய்வார்கள். பலூனை விரித்து ஓட்டையை அடைப்பார்கள், ஹெப்பாரினை முறிக்கும் மருந்து கொடுப்பார்கள், ஊசி வழியாகத் தேங்கிய இரத்தத்தை எடுப்பார்கள், தேவைப்பட்டால் உறையிட்ட ஸ்டென்ட் வைப்பார்கள்.

இதில் நம் பங்கு ஒன்றுதான். உள்ளே இருக்கும்போது ஏதேனும் புதிதாகத் தோன்றினால், "டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று நோயாளியிடம் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். இந்த வகைக் கசிவு சில நேரம் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படும். ஆகவே வார்டுக்கு வந்த பிறகு மூச்சு வாங்கினாலும் அதே அவசரம்தான்.

வார்டில் முதல் இரவு: துணைக்கு இருப்பவர் பார்க்க வேண்டியவை

துளையிட்ட இடத்தைச் சுற்றி லேசாகக் கன்றிப்போவதும், தொட்டால் வலிப்பதும், சுண்டைக்காய் அளவு கெட்டியாக இருப்பதும் வழக்கமே. கன்றிய நிறம் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி ஓரிரு வாரங்களில் மறையும். இவற்றுக்காகப் பயப்பட வேண்டாம். கீழ்க்கண்டவை அப்படியல்ல. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிட வேண்டும்.

தொடையில்: கட்டு நனைவது, வீக்கம் பெரிதாகிக்கொண்டே போவது, தொடை கல் போல் இறுகுவது. படுத்திருப்பவரின் இரத்தம் கீழ்நோக்கித்தான் வழியும். மேலே கட்டு உலர்ந்திருக்க, தொடைக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் தேங்கியிருக்கும். எனவே கையை அடியில் விட்டு விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

முதுகு, இடுப்பு, அடிவயிறு: தொடை வழியாகச் செய்தவருக்கு இங்கே புதிதாக வலி வந்தால், அது படுக்கையால் வந்த வலி என்று நாமே முடிவு செய்யக் கூடாது. துளை சற்று மேலே அமைந்துவிட்டால் இரத்தம் வயிற்றின் பின்பகுதியில் கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வலியோடு குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், முகம் வெளுத்தல், தாகம், கொட்டாவி, அமைதியின்மை ஆகியவை சேர்ந்தால் மிக அவசரம். நாம் மேலே சொன்ன தாயாருக்கு நடந்தது இதுதான்.

கையில்: முன்கை வீங்கி இறுகுவது, விரல்கள் மரத்துப்போவது, வெளுப்பது, நீலமாவது, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி. உள்ளே இரத்தம் சேர்ந்து தசைகளை நெருக்குவதால் இப்படி ஆகலாம். தாமதித்தால் கை பாதிக்கப்படும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் காற்றடைத்த பட்டையை நாமே தளர்த்தக் கூடாது.

வேறு இடங்களில்: காபித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போல் கறுத்த மலம், சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம். திடீரென்று கடும் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவை மூளையில் கசிவைக் காட்டலாம்.

கடைசியாகச் சொன்னதை நம் பகுதி மக்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது நல்ல முறை. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு, சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கும் இந்த ஏற்பாடு பலன் தருவதைக் காட்டியது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உள்ளிட்ட மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துவிடுகிறார்கள். இவை உயிர் காப்பவை. ஆனால் அடுத்த மருத்துவமனைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முதல் இடத்தில் கொடுத்த சீட்டைப் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். "ஊசி போட்டாங்க, என்ன ஊசின்னு தெரியாது" என்று சொல்லும் நிலை வரக் கூடாது.

இன்னொரு குறிப்பு. இரத்தம் குறைந்தால் நாடி வேகமாகும் என்பது பொது விதி. ஆனால் இதய நோயாளிகள் பலர் மெட்டோபுரோலால் போன்ற, நாடியை மெதுவாக்கும் மாத்திரை எடுப்பவர்கள். அவர்களுக்கு உள்ளே கசிந்தாலும் நாடி வேகமாகத் தெரியாமல் இருக்கலாம். "நாடி நல்லா இருக்கு" என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஹீமோகுளோபின் அளவை முன்பும் பின்பும் ஒப்பிடுவது உதவும். கசிவோடு அது 3 கிராமோ அதற்கு மேலோ குறைந்தால் பெரிய இரத்தப்போக்கு என்றே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

கூச்சம் உயிருக்கு உலை வைக்கக் கூடாது

தொடை இடுக்கு என்பது மறைவான இடம். நம் பெண்கள் அதைக் காட்டக் கூச்சப்படுவது இயல்பு. ஆண்களும் மருமகளிடமோ மகளிடமோ சொல்லத் தயங்குகிறார்கள். ஆனால் அந்த இடத்தை முதல் சில மணி நேரங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். சிகிச்சைக்கு முன்பே செவிலியரிடம், "அம்மாவுக்கு ஒரு சிஸ்டர் வந்து பார்த்தால் நல்லது" என்று கேட்டு வையுங்கள். பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். திரை போடச் சொல்லலாம். துணைக்கு ஒரு பெண்ணை அனுப்புங்கள். பெண் ஊழியர் அந்த நேரத்தில் இல்லையென்றால், இருப்பவர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு என்பதை நம் ஆலிம்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள்.

தொழுகையும் இப்படித்தான். தொடை வழியாகச் செய்தவர் பல மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். "அஸர் தவறிவிடுமே" என்று எழுந்து உட்கார்ந்ததால் காயம் திறந்துகொண்டதும் உண்டு. படுத்தபடியே சைகையால் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் ருகூஃ, சுஜூது செய்வதை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நாற்காலியில் தொழலாம். மணிக்கட்டில் கட்டு இருந்தால் ஒளுவின்போது அதை அவிழ்க்காமல் மேலே ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகை உண்டு. விவரம் வேண்டுவோர் நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நலம் விசாரிக்க வருவோருக்கு ஒரு வேண்டுகோள். ஸலாம் சொல்லி, பாசத்தோடு துளையிட்ட கையையே பற்றி இறுக்கிக் குலுக்கிவிடாதீர்கள். துஆ செய்யுங்கள். அது போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதோடு கவலை தீர்ந்துவிடுவதில்லை. சிலருக்குச் சில நாட்கள் கழித்து, துளையிட்ட இடத்தில் நாடியோடு சேர்ந்து துடிக்கும் வீக்கம் தோன்றும். தமனியின் துளை சரியாக மூடாமல், இரத்தம் ஒரு பை போல வெளியே சேர்வதால் இது வருகிறது. டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். அழுத்தியோ ஊசி மருந்தாலோ பெரும்பாலும் சரிசெய்யலாம். இதை நெறிகட்டி என்று நினைத்து ஒற்றடம் கொடுப்பதும், எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து.

தொடை வழியாகச் செய்தவர் சில நாட்களுக்குக் குந்தி உட்காரும் கழிப்பறையைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. இருசக்கர வாகனம் வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருமல், தும்மல் வந்தால் காயத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். கை வழியாகச் செய்தவர் அந்தக் கையால் துணி பிழிவது, கனம் தூக்குவது கூடாது.

வீட்டில் இரத்தம் பீறிட்டால் என்ன செய்வது? பதறாமல் நோயாளியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். சுத்தமான துணியை மடித்து, தொடையென்றால் தோலில் தெரியும் துளைக்கு இரண்டு விரல் அளவு மேலே, வயிற்றுப் பக்கமாக, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். மணிக்கட்டென்றால் துளையின் மேலேயே அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். 10 முதல் 15 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா" என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும். கயிறு, துண்டு கொண்டு இறுக்கிக் கட்ட வேண்டாம். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். இரத்தம் நின்றாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்

இது மிக முக்கியம். பல் துலக்கும்போது லேசாக இரத்தம் வந்தது, கையில் நீலம் பூத்தது என்று பயந்து, ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். அது முதல் மாரடைப்பைவிடக் கொடியதாக இருக்கலாம். கசிவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா, குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். பல் பிடுங்கப் போனாலும், வேறு அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.

இந்த மருந்துகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹிஜாமா செய்துகொள்ளக் கூடாது. ஹிஜாமா செய்பவரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வாங்கிப் போட்டால் வயிற்றில் கசிவு வரலாம். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, கருஞ்சீரக எண்ணெய் எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரமலானில் நோன்பு வைப்பது பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். டிகாக்ரெலார் போன்றவை நாளைக்கு இரண்டு வேளை எடுப்பவை. ஒரு வேளையை விட்டுவிடலாகாது.

போகும் முன் சொல்ல வேண்டியவை

75 வயதைக் கடந்தவர்கள், பெண்கள், உடல் எடை குறைந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், முன்பு குடல்புண்ணால் இரத்தம் போனவர்கள், வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கசிவின் வாய்ப்பு கூடுதல். இவற்றில் எது இருந்தாலும் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் அட்டை பேசும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். அந்தத் தாயாருக்கு நள்ளிரவில் இரத்தம் தேவைப்பட்டபோது கொடுக்க வந்த இளைஞர்களில் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், மற்ற சமுதாயச் சகோதரர்களும் இருந்தார்கள். ஆரோக்கியமான ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம். தம் இரத்தப் பிரிவை அறக்கட்டளை அலுவலகத்தில் பதிந்துவைக்க விரும்புவோர் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வந்து சொல்லுங்கள். இதயச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து, துணைக்கு வருபவரின் பையில் வையுங்கள். முதல் இரவில் அவர் தூங்காமல் இருப்பது மட்டும் போதாது. எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.